இந்தியாவின் செயற்கை இழை கலப்புத் துணி ஏற்றுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருத்தியைத் தவிர வேறு இழையைத் தொடாமல் இருந்த தமிழக நூற்பாலைகள் பலவற்றில் இன்று பாலியஸ்டர் பொதிகளும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் பொதிகளும் இறங்குகின்றன. இந்த மாற்றம் ஏற்றுமதியில் எவ்வளவு தெரிகிறது, எங்கே தடைபடுகிறது என்று தொழிலுக்குப் புதிதாக வருபவர்களும் ஜவுளி படிக்கும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். விவரங்கள் 2025ஆம் ஆண்டின் இறுதி வரையிலானவை.

கலப்புத் துணி என்றால் எவையெல்லாம் அடங்கும்?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இழைகளைச் சேர்த்து நூற்ற நூலிலோ, வெவ்வேறு நூல்களைச் சேர்த்து நெய்த அல்லது பின்னிய முறையிலோ உருவாகும் துணி. வணிகத்தில் அதிகம் புழங்குபவை மூன்று. பாலியஸ்டரும் பருத்தியும் சேர்ந்தது பி.சி.; நம் வீடுகளில் டெரிகாட்டன் என்று அறியப்பட்டது இதுதான். பாலியஸ்டரும் விஸ்கோஸும் சேர்ந்தது பி.வி.; பேன்ட் துணி, பள்ளிச் சீருடை ஆகியவற்றில் பெரும்பாலும் இது. பருத்தியின் பங்கு பாதிக்கு மேல் இருக்கும் பருத்தி–பாலியஸ்டர் கலவையை சி.வி.சி. என்பார்கள். இவற்றோடு ஓரிரு சதவீதம் ஸ்பான்டெக்ஸ் சேர்த்து நீட்சி தருவதும் இப்போது சாதாரணமாகிவிட்டது.

ஏற்றுமதிக் கணக்கில் கலப்புத் துணியை எந்தத் தலைப்பில் சேர்க்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் புள்ளிவிவரத்தைப் படித்தாலும் குழப்பமே மிஞ்சும். சுங்கத் துறை பொருட்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் எச்எஸ் குறியீட்டில் கலப்புத் துணிக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. பருத்திக்கு 52ஆம் அத்தியாயம், செயற்கை நீள் இழைகளுக்கு 54, வெட்டிய செயற்கைக் குட்டை இழைகளுக்கு 55, பின்னல் துணிக்கு 60, பின்னல் ஆடைக்கு 61, நெய்த துணியில் தைத்த ஆடைக்கு 62. கலப்பில் எந்த இழையின் எடை அதிகமோ அந்த இழையின் துணியாகவே அது கணக்கில் ஏறும்.

சரிபாதி இருந்தால்? குறியீட்டு வரிசையில் கடைசியாக வருவது எதுவோ அதில் சேர்க்க வேண்டும் என்பது விதி. 52க்குப் பிறகு 55 வருவதால், 50:50 பருத்தி–பாலியஸ்டர் துணி செயற்கை இழைத் துணி ஆகிவிடும்.

இதனால் ஒரு விளைவு உண்டு. திருப்பூரிலிருந்து போகும் 60:40 சி.வி.சி. டி-ஷர்ட் முழுவதும் பருத்தி ஆடை என்றே பதிவாகிறது. அதில் இருக்கும் 40 சதவீத பாலியஸ்டர் எந்தச் செயற்கை இழைக் கணக்கிலும் தெரியாது. ஆகவே இந்தியாவின் கலப்பு ஏற்றுமதி, அச்சில் வரும் எண்ணைவிட உண்மையில் பெரியது.

கலப்பு விகிதம் சற்று மாறினால் வரி மாறுமா?

அமெரிக்காவுக்கு அனுப்பினால் நிச்சயமாக மாறும். அங்கே பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான சுங்க வரி 16.5 சதவீதம். செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. அமெரிக்க ஆர்டர்களில் 52:48, 60:40 என்று பருத்தி எப்போதும் முன்னே நிற்பதற்கு அணிபவரின் சொகுசு மட்டும் காரணமில்லை.

இங்கேதான் ஆய்வகம் முக்கியமாகிறது. துணித் துண்டை உலர்த்தி எடைபோட்டு, 75 சதவீத கந்தக அமிலத்தில் இளஞ்சூட்டில் வைப்பார்கள். பருத்தி கரைந்துவிடும், பாலியஸ்டர் மிஞ்சும். மிஞ்சியதைக் கழுவி, உலர்த்தி மறுபடி எடைபோட்டால் விகிதம் தெரிந்துவிடும். பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். மழைக்காலத்தில் ஈரப் பஞ்சை அப்படியே எடைபோட்டுக் கலந்தால், 52 என்று நினைத்தது ஆய்வகத்தில் 50க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். நூற்பாலையில் கலவை போடும் இடத்தில் நடக்கும் இந்தச் சிறு பிசகு, கடல் கடந்து போய் வரியை இரட்டிப்பாக்கும். எனவே 52:48ஐவிட 55:45 அல்லது 60:40 கேட்டு வாங்குவது பாதுகாப்பு என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே ஆடைகளுக்கு எந்த இழையானாலும் பொதுவாக 12 சதவீதம்தான். கலப்பு ஆடைக்கு ஐரோப்பா நல்ல சந்தை என்று சொல்வதற்கு இது வலுவான காரணம்.

ஏற்றுமதி வளர்கிறதா, தேய்கிறதா?

இடம் பெயராமல் நிற்கிறது. செயற்கை இழை நூல், துணி, படுக்கை விரிப்பு போன்ற தைத்த பொருட்கள் ஆகியவற்றின் ஏற்றுமதி, ஆயத்த ஆடையைச் சேர்க்காமல், 2021-22இல் 550 கோடி டாலரைத் தாண்டியது. கொரோனாவுக்குப் பின் உலகக் கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சரக்கு நிரப்பிய ஆண்டு அது. பிறகு 2023-24இல் சுமார் 470 கோடி டாலருக்கு இறங்கி, 2024-25இல் சற்றே ஏறி 490 கோடி டாலரை ஒட்டி நின்றது. இதே 2024-25இல் எல்லா இழைகளிலும் சேர்த்து ஆயத்த ஆடை ஏற்றுமதி சுமார் 1,600 கோடி டாலர். ஆடையில் கிடைத்த வளர்ச்சி செயற்கை இழை நூலுக்கும் துணிக்கும் கிடைக்கவில்லை.

உலகம் பயன்படுத்தும் இழைகளில் முக்கால் பங்கு மனிதன் உருவாக்கியவை; பாலியஸ்டர் மட்டுமே பாதிக்கு மேல். பருத்தியின் பங்கு ஐந்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்தியாவிலோ இன்னும் பருத்திதான் பெரும்பங்கு. பாலியஸ்டர், விஸ்கோஸ் இரண்டின் உற்பத்தியிலும் உலகில் இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டு, ஏற்றுமதியில் இப்படித் தேங்கி நிற்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

இழை இங்கேயே கிடைக்கிறது. பிறகு ஏன் பின்தங்கினோம்?

சுருக்கமான பதில்: இழையின் விலை.

சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் செயற்கைத் துணியைப் பணக்காரர்களின் பண்டமாகப் பார்த்து அரசு கனமாக வரி போட்டது. 1985ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கைதான் எல்லா இழைகளுக்கும் இடம் தரும் போக்கைத் தொடங்கி வைத்தது. ஆனாலும் பருத்திக்கு ஒரு வரி, செயற்கை இழைக்கு அதைவிடக் கூடுதல் வரி என்ற பாகுபாடு தொடர்ந்தது.

இன்னொரு பக்கம், இழை தயாரிப்பவர்கள் ஒரு சில பெரிய நிறுவனங்கள். வாங்குபவர்கள் ஆயிரக்கணக்கான நூற்பாலைகளும் விசைத்தறிகளும். விஸ்கோஸ் குட்டை இழையைப் பொறுத்தவரை, 1954இல் மத்தியப் பிரதேசத்தின் நாக்டாவில் உற்பத்தியைத் தொடங்கிய கிராசிம் நிறுவனம்தான் உள்நாட்டில் ஏறக்குறைய ஒரே உற்பத்தியாளர். இறக்குமதி இழைக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் வந்து இறங்கும் சரக்கைத் தடுக்கும் கூடுதல் வரி) விதித்தால் உள்நாட்டு இழையின் விலையும் அதற்கு ஈடாக ஏறி நிற்கும். சீனாவில் நூற்பவருக்குக் கிடைக்கும் விலையில் ஈரோட்டில் நூற்பவருக்கு இழை கிடைக்காது. துணி விலையில் அந்த வித்தியாசம் அப்படியே ஏறும்.

இதில் சில முடிச்சுகள் அவிழ்ந்திருக்கின்றன. பாலியஸ்டரின் மூலப்பொருளான பி.டி.ஏ. மீதிருந்த பொருள் குவிப்புத் தடுப்பு வரி 2020 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. விஸ்கோஸ் குட்டை இழை மீதிருந்தது 2021 ஆகஸ்டில் நீங்கியது. இழைத் தொழிலைக் காப்பாற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் செலவை, வேலைவாய்ப்பு அதிகம் தரும் நெசவும் தையலும் சுமப்பது நியாயமில்லை.

தரக் கட்டுப்பாட்டு ஆணை என்று சொன்னார்களே, அது என்ன ஆனது?

2023இல் விஸ்கோஸ் குட்டை இழைக்கும், பாலியஸ்டர் இழை, நூல் வகைகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று கட்டாயம் என்று ஆணைகள் வந்தன. வெளிநாட்டு ஆலைகளும் இந்தச் சான்றைப் பெற வேண்டும். பலருக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. தரத்துக்காக வந்த ஆணை, நடைமுறையில் இறக்குமதிக் கதவைச் சாத்தியது. உள்நாட்டில் கிடைக்காத சிறப்பு வகை இழைகளை நம்பி ஆர்டர் எடுத்தவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். 2025 நவம்பரில் இந்த ஆணைகளை அரசு திரும்பப் பெற்றது. இழை வாங்கும் ஆலைகள் தொடர்ந்து கேட்டுவந்தது இது.

ஜிஎஸ்டி மாற்றத்தால் ஏற்றுமதியாளருக்கு என்ன பலன்? ஏற்றுமதிக்குத்தான் வரியே இல்லையே?

ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் கையில் வரும் பணத்துக்கும் தாளில் இருக்கும் பணத்துக்கும் இடையே காலம் ஓடுகிறது. முன்பு செயற்கை இழைக்கு 18 சதவீதம், நூலுக்கு 12, துணிக்கு 5. கீழே போகப் போக வரி குறைவதால், நெசவாளர் வாங்கும்போது கட்டிய வரி விற்கும்போது முழுவதும் கழியாது. மிச்சத்தைத் திரும்பப் பெற விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தத் தொகை முடங்கிக் கிடக்கும். வங்கிக் கடனில் ஓடும் சிறிய தறிக்கூடத்துக்கு இதன் வட்டியே லாபத்தைத் தின்றுவிடும்.

2022 ஜனவரி முதல் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் என்று ஒரு முயற்சி நடந்தது. சூரத் உள்ளிட்ட ஊர்களில் வியாபாரிகள் எதிர்த்ததால் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள் தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் இழையும் நூலும் 5 சதவீதத்துக்கு வந்து துணியோடு சமமாயின. கலப்பு நூல் வாங்கும் நெசவாளருக்கு இது பெரிய நிம்மதி. முடிச்சு முழுவதும் அவிழவில்லை, பாலியஸ்டர் செய்யத் தேவைப்படும் பி.டி.ஏ., எம்.இ.ஜி. போன்ற வேதிப்பொருட்களுக்கு இன்னும் 18 சதவீதம்தான். ஆனால் இப்போது பணம் முடங்குவது பெரிய இழை ஆலைகளிடம், விசைத்தறிக்காரரிடம் அல்ல.

யார் வாங்குகிறார்கள்? எந்த ஊர் எதை அனுப்புகிறது?

அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம், வங்கதேசம், துருக்கி, பிரேசில் ஆகியவை முக்கிய வாடிக்கையாளர்கள். பிரேசிலும் துருக்கியும் பெரும்பாலும் நூலை வாங்குகின்றன. அமீரகம் வாங்குவதில் கணிசமான பங்கு அங்கிருந்து மற்ற நாடுகளுக்குப் போகிறது. வங்கதேசம் நம் நூலையும் துணியையும் வாங்கி, ஆடையாகத் தைத்து ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்புகிறது. தையலில் கிடைக்கும் கூலியும் லாபமும் அங்கே தங்கிவிடுகின்றன.

ஊர்களில் சூரத் பாலியஸ்டர் நீள் இழைத் துணிக்கும் புடவைக்கும், ராஜஸ்தானின் பில்வாரா பி.வி. பேன்ட் துணிக்கும், லூதியானா அக்ரிலிக் நூலுக்கும் கம்பளி போன்ற குளிர்கால ஆடைக்கும் பெயர் பெற்றவை. தமிழகத்தில் ஈரோடு, பள்ளிபாளையம் சுற்றுவட்டாரத்தில் ரேயான் (விஸ்கோஸின் இன்னொரு பெயர்) நெசவு பெரிய அளவில் நடக்கிறது. கரூர் வீட்டு உபயோகத் துணிகளில் கலப்பு நூலைப் பயன்படுத்துகிறது. திருப்பூரின் ஏற்றுமதி 2024-25இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். அதில் பருத்தியின் ஆதிக்கம் இன்னும் அசையவில்லை.

திருப்பூர் ஏன் சட்டென்று மாற முடியவில்லை?

சாயப்பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் காரணம் புரியும்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம். சுமார் 60 டிகிரி சூட்டில், உப்பும் சோடாவும் சேர்த்து ஏற்றுவார்கள். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். மூடிய இயந்திரத்தில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரி வரை சூடேற்றினால்தான் இழைக்குள் புகும். கலப்புத் துணி என்றால் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். முதலில் 130 டிகிரியில் பாலியஸ்டருக்கு நிறம் ஏற்றி, பருத்தி மேல் ஒட்டிய உபரிச் சாயத்தைக் காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ் ஆகிய வேதிப்பொருட்களைப் போட்டுக் கழுவி, பிறகு சாயத் தண்ணீரை மாற்றிப் பருத்திக்கு நிறம் ஏற்ற வேண்டும். இரண்டு இழைகளின் நிறமும் ஒரே சாயலில் பொருந்தி நிற்க வேண்டும். சற்றுத் தவறினால் துணி முழுவதும் புள்ளி புள்ளியாக மங்கித் தெரியும். நேரமும் ஆவியும் மின்சாரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உயர் அழுத்த இயந்திரம் இல்லாத பட்டறையில் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

இன்னொரு கோணமும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாறின. அந்தச் சுத்திகரிப்பில் செலவு பிடிக்கும் பகுதி உப்பைப் பிரிப்பது. பாலியஸ்டர் சாயத்துக்கு உப்பே தேவையில்லை. பருத்தியின் பங்கு குறையக் குறைய உப்பும் குறையும். சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றின் துயரத்தைப் பார்த்த ஊருக்கு இது பேசப்பட வேண்டிய செய்தி. ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

பருவக் கணக்கும் திருப்பூருக்குச் சாதகமாக இல்லை. பருத்திப் பின்னலாடை பெரும்பாலும் வெளிநாட்டுக் கோடைக்கான சரக்கு. அதை அனுப்பி முடித்த பிறகு வரும் மாதங்களில் ஆர்டர் மெலிந்து, தையல் லைன்கள் பாதி காலியாக ஓடும். விளையாட்டு உடை, குளிர்கால உடை இரண்டிலும் செயற்கை இழையும் கலப்பும்தான் பிரதானம். அவை வந்தால் தொழிலாளிக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்.

பருத்தி விலைக்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒப்புக்கொண்ட விலைக்கு நூல் தர முடியாமல் ஆலைகள் திணறின. பல தமிழக ஆலைகள் பி.வி., பி.சி. நூலைப் பழகிக்கொண்டது அந்த நெருக்கடியில்தான். விலை இறங்கிய பிறகும் சிலர் பழையபடி பருத்திக்கே முழுமையாகத் திரும்பவில்லை.

பிஎல்ஐ திட்டம் உதவியதா?

உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம், செயற்கை இழை ஆடை, துணி, தொழில்நுட்ப ஜவுளி ஆகியவற்றுக்கென்றே 10,683 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. நோக்கம் சரி. ஆனால் குறைந்தபட்ச முதலீடு ஒரு பிரிவில் 300 கோடி, இன்னொன்றில் 100 கோடி என்று வைத்தது, சிறு, நடுத்தர நிறுவனங்களால் நிரம்பிய துறையை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 2025 அக்டோபரில் அவை 150 கோடி, 50 கோடி என்று பாதியாக்கப்பட்டன. 50 கோடியும் திருப்பூரின் பெரும்பாலான யூனிட்டுகளுக்கு எட்டாத உயரம்தான். சாயப்பட்டறைகள் உயர் அழுத்த இயந்திரம் வாங்கத் தனியாகக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்திருந்தால் பலன் விரைவாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விருதுநகர் மாவட்டம் உட்பட ஏழு இடங்களில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காக்கள் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. நூற்பு முதல் தையல் வரை ஒரே வளாகத்தில் என்பது திட்டம்.

அமெரிக்காவின் 50 சதவீத வரி கலப்பு ஆடையை எப்படித் தாக்கியது?

இந்தியச் சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், 27இல் இன்னொரு 25 சதவீதம். இவை வழக்கமான வரிக்கு மேல் கூடுதலாக விதிக்கப்பட்டவை. எனவே பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்கு 32ஓடு 50 சேர்ந்து 82 சதவீதம் ஆனது. பருத்தி மிகுந்த கலப்புக்கு 66.5 சதவீதம். அந்த வரியோடு வியட்நாமுடன் விலையில் போட்டியிட வழியே இருக்கவில்லை. ஒரே சந்தையை நம்பி நிற்பதன் ஆபத்தை எல்லோரும் உணர்ந்த காலம் அது. 2025 ஜூலை 24இல் கையெழுத்தான, பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தம் நம் ஜவுளிக்கு வரி விலக்கைத் தருவது என்பதால், பலரின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது.

அமெரிக்காவில் நம் பாலியஸ்டர் நூலுக்கும் தனி வரி உண்டாமே?

உண்டு. மெல்லிய பாலியஸ்டர் குட்டை இழைக்கு 2018 முதலும், சுருள் ஏற்றிய டெக்ஸ்சர்டு நூலுக்கு 2020 முதலும், இந்தியா உள்ளிட்ட நாடுகள் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரியும், அரசு தந்த மானியத்தை ஈடுகட்டப் போடும் மானிய ஈட்டு வரியும் இருக்கின்றன. நூலாக விற்றால் இப்படிப்பட்ட வழக்குகள் தொடர்ந்து வரும். அதே நூலை ஆடையாக்கி அனுப்பினால் இந்த வரிகள் அதற்குப் பொருந்தாது.

மறுசுழற்சி பாலியஸ்டருக்கு எதிர்காலம் உண்டா?

இப்போதே தேவை இருக்கிறது. பெட் பாட்டில்களை நொறுக்கி, உருக்கி, இழையாக்கி, பருத்தியோடு கலந்து நூற்ற நூலை ஐரோப்பிய வாங்குநர்கள் கேட்டு வாங்குகிறார்கள். மறுசுழற்சி இழைதான் என்று உறுதிசெய்யும் ஜிஆர்எஸ் சான்று வேண்டும். பாட்டில் முதல் ஆடை வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பரிவர்த்தனைச் சான்று வேண்டும். அதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முழு சரக்கும் சாதாரண பாலியஸ்டர் விலைக்கு இறங்கிவிடும்.

ஆனால் கலப்புத் துணியைத் திரும்ப இழையாகப் பிரிப்பது இன்னும் சிரமமான காரியம். துவைக்கும்போது நுண் பிளாஸ்டிக் உதிர்வதும் உண்மை. ஐரோப்பாவில் கடுமையாகிவரும் சுற்றுச்சூழல் விதிகள் இந்த இரண்டு குறைகளையும்தான் குறிவைக்கின்றன. கலப்பில் இறங்குபவர் இவற்றை மறைக்காமல் பேசத் தயாராக இருக்க வேண்டும்.

சிறிய நூற்பாலையோ பின்னலாடை யூனிட்டோ எங்கிருந்து தொடங்கலாம்?

ஆலையாக இருந்தால், பருத்தி ஓடும் கூடத்திலேயே பாலியஸ்டரையும் ஓட்டாதீர்கள். பறக்கும் பாலியஸ்டர் இழை பருத்தி நூலில் புகுந்தால், சாயம் போட்ட பிறகு வெள்ளைக் கோடாகத் தெரிந்து மொத்தத் துணியும் தள்ளுபடியாகும். தனித் தடுப்பு, தனி இயந்திர வரிசை அவசியம்; அது முடியாவிட்டால் ஆலை முழுவதையும் கலப்புக்கு மாற்றுங்கள்.

பின்னலாடை யூனிட்டாக இருந்தால், 60:40 கலப்பில் கனமான ஸ்வெட் ஷர்ட், ஹூடி போன்றவை நல்ல தொடக்கம். பழகிய தையல் லைனிலேயே ஓடும், பருவம் கோடைக்கு எதிர்ப்பக்கம் வரும், பருத்தியே மிகுதி என்பதால் அமெரிக்காவிலும் குறைந்த வரிப் பட்டியலில் நிற்கும். முதல் ஆர்டருக்கு முன்பு இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். ஒன்று, 130 டிகிரி இயந்திரம் வைத்திருக்கும் சாயப்பட்டறையோடு விலையைப் பேசி எழுத்தில் வாங்குவது. மற்றொன்று, துணியின் இழை விகிதத்தையும் பில்லிங் எனப்படும் முடிச்சு எழும்பும் தன்மையையும் ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையை வாங்குநருக்கு மாதிரியோடு சேர்த்து அனுப்புவது.